இன்னும் ஊர் ஆகாத கிராமம்

எங்கள் வீடுகளுக்கு ஏறும் மண்பாதையின் முகப்பில் ஒரு பலகை நிற்கிறது. மூன்று மொழியிலும் பெயர் எழுதி, பெயருக்குப் பின்னால் 'கிராமம்' என்று போட்டிருக்கிறார்கள். பலகை நட்ட அன்றைக்கே அதைப் படம் பிடித்து என்னோடு படித்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். தேயிலைத் தோட்டம், டிவிசன், லயம், காம்பரா இலக்கம் என்று பிறந்ததிலிருந்து எழுதிவந்த விலாசத்தில் முதல்முறையாகக் கிராமம் என்ற சொல் வந்திருந்தது. பாடப்புத்தகத்தில் வரும் சொல். அது விலாசத்தில் வந்தால் நாமும் கொஞ்சம் பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டதுபோல இருக்கிறது.

மடுல்சீமைக்குப் போகிற பஸ்ஸின் கொண்டக்டர் மட்டும் அந்தச் சொல்லை இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. "புது வீடெல்லாம் இறங்கு" என்றுதான் சத்தம் போடுவார். பலகையைக் கடந்துதான் பஸ் நிற்கிறது. அவருக்கும் வாசிக்கத் தெரியும்.

எங்கள் ஆட்களுக்கு இந்தச் சொற்களில் எப்போதுமே ஒரு குழப்பம் உண்டு. பெரியவர்களுக்கு ஊர் என்றால் அது கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியாவில். அந்த ஊரைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட, 'ஊர்ல நமக்குக் காணி இருந்துச்சு' என்று நேற்று விற்றுவிட்டு வந்ததுபோலப் பேசுவார்கள். சிங்களவர்கள் இருக்கும் பக்கத்துக் கிராமத்தை நாடு என்பார்கள். 'நாட்டுப் பக்கம் போயி ரெண்டு பலாக்காய் வாங்கிட்டு வா' என்பார்கள். ஆக, கடலுக்கு அப்பால் ஊர், ஓடைக்கு அப்பால் நாடு, நடுவில் இருந்த நாங்கள் வெறும் தோட்டம். கிராமம் என்ற சொல் எங்களில் யாருக்கும் சொந்தமாக இல்லை. அதனால் அது கிடைத்தபோது, அது யாரும் உடுத்தாத புதுச்சேலைபோல எனக்குப் பிடித்திருந்தது.

உயர்தரப் பரீட்சைக்கு நான் தமிழை ஒரு பாடமாகப் படித்தவள். அந்தத் திமிரில் அப்போது ஒன்று யோசித்தேன். ஊர் சிரிக்கும் என்கிறோம். ஊர்ப்பேச்சு, ஊர்க்கண், ஊரைக் கூட்டாதே என்கிறோம். கிராமம் சிரிக்கும் என்று யாரும் சொல்வதில்லை. கிராமத்துக்கு எல்லை இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, உத்தியோகத்தர் இருக்கிறார். ஊருக்கு இருப்பது வாய்தான். எனக்கு அப்போது வேண்டியிருந்தது வாய் இல்லாத ஓர் இடம்.

லயத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள். இடைச்சுவர்கள் கூரைவரை போகாது. என் கணவர் தும்மினால் மூன்றாம் காம்பராவிலிருந்து 'நூறு வயசு' என்று குரல் வரும். மகள் பிறந்து, அவளைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பிய முதல் வாரத்தில், அவள் அழுத ஒவ்வொரு தடவையும் சுவருக்கு மேலாக வைத்தியம் வந்து விழுந்தது. வசம்பு வை, வயிற்றில் எண்ணெய் தடவு, கண்ணூறு கழி. நான் கிளினிக்கில் தந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "படிச்ச புள்ள. அட்டையில இல்லன்னா கொட்டாவிகூட விடாது" என்று ஒருத்தி சொன்னது சுவரைத் தாண்டிக் கேட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

மழைக்கு லயத்தின் பின்னால் மண்மேடு வெடித்தபோது பல லயங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். பிறகு இந்தத் தனித்தனி வீடுகள் கட்டப்பட்டன. குலுக்கிப் போட்டுப் பிரித்ததில், மேல் டிவிசன் ஆட்களும் கீழ் டிவிசன் ஆட்களும் கலந்து விழுந்தோம். எங்களுக்கு இடப்பக்கம் மேல் டிவிசனில் கொழுந்து எடுக்கும் ஓர் அக்காவும் அவருடைய கணவரும். வலப்பக்கம் ஒரு வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். மகளுக்கு அப்போது ஒரு வயது. முதல் நாள் கதவைச் சாத்திவிட்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். என்ன நிம்மதி என்று நினைத்தேன்.

மகளுக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு வராதபோதுதான் அந்த நிம்மதி என்னைப் பார்த்துச் சிரித்தது.

அவளுக்குக் காது கேட்டது. சொன்னது புரிந்தது. செருப்பை எடுத்து வா என்றால் இரண்டையும் எடுத்து வருவாள், அதில் ஒன்று அப்பாவுடையதாக இருக்கும். ஆனால் வாய் திறப்பதில்லை. கை நீட்டுவாள், இழுப்பாள், தலையாட்டுவாள். கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ், "எத்தனை வார்த்தை பேசுறா?" என்று கேட்டபோது, நான் வீட்டுக்கு வந்து கணவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். அவர் பதுளையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறார். காலையில் போனால் இருட்டித்தான் வருவார்.

"அம்மா சொல்றா. த்தா சொல்றா. ஊ சொல்றா" என்றார்.

"ஊன்னா என்னா?"

"பூனை."

"நேத்து தண்ணிக் குழாயைப் பாத்தும் ஊன்னாளே."

"அப்ப ரெண்டு வார்த்தைன்னு எழுது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கைபேசியில் தேடினேன். எதைத் தேடினாலும் கடைசியில் ஒரு பெரிய வியாதியின் பெயரில் போய் முடிந்தது. நான் செய்ததில் எது பிழை என்று நாள் முழுக்க யோசித்தேன். வசம்பு வைக்காமல் விட்டதாக இருக்குமோ என்றுகூட ஒரு பகல் முழுவதும் நினைத்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

மிட்வைஃப் மிஸ் துண்டு எழுதித் தந்ததால் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேச்சுப் பயிற்சி தருகிற மிஸ் ஓர் இளம் சிங்களப் பெண். தமிழைக் கவனமாகப் படித்திருந்தார். "பிள்ளை யார் யாரோடு உரையாடுகிறார்?" என்று அவர் கேட்டபோது, ரேடியோவைப் பார்ப்பதுபோல என் மகள் அவரைப் பார்த்தாள்.

"நான் நாள் முழுக்கப் பேசுறேன் மிஸ். நல்ல தமிழ்லதான் பேசுவேன். கெட்ட வார்த்தை ஒண்ணும் காதுல விழாது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். எப்படிப் பேசுகிறேன் என்று காட்டச் சொன்னார். நான் பந்தை எடுத்து, "இது என்ன? இது பந்து. பந்து என்ன நிறம்? பந்து சிவப்பு. பந்து வேணுமா? இந்தா பந்து" என்றேன்.

மிஸ் பேனாவை மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அம்மா, கேள்வியும் நீங்கள். பதிலும் நீங்கள். பிள்ளைக்கு வேலை இல்லை."

மகளுக்குக் கேட்பதிலும் புரிவதிலும் குறை தெரியவில்லை, பலர் பேசிப் பழகுகிற இடத்தில் அவளை விடுங்கள், கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள் என்றார். சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், அப்போதும் மாற்றம் இல்லையென்றால் வேறு பரிசோதனைகள் இருக்கின்றன என்றும் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் காதில் அந்தக் கடைசி வரி மட்டும்தான் ஓடியது.

பலர் பேசுகிற இடத்துக்கு எங்கே போவது? பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா, மலையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குத்தான். நானோ வீட்டில் இருப்பவள். அக்கம்பக்கத்தார் நல்லவர்கள்தான். பாதையில் கண்டால் சிரிப்போம். குழாயடியில் மழையைப் பற்றிப் பேசுவோம். ஆனால் இத்தனை நாளில் ஒருவரும் எங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. நானும் யார் வீட்டுக்குள்ளும் போனதில்லை. என் புத்தகவாடையைக் கண்டு ஒதுங்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அதில் ஒரு சின்னப் பெருமையும் இருந்திருக்கலாம்.

ஒரு பின்னேரம், இடப்பக்கத்து அக்கா மலையிலிருந்து வந்து வெளிக்குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள மண்வரம்பின் இந்தப் பக்கம் நின்று, மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்ததைக் கேட்டேன்.

"ஏங்கக்கா, ஒரு நாளாச்சும் உள்ள வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறதில்லையே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ கூப்பிடலையே."

"லயத்துல யாருக்கா கூப்பிட்டா? அடுப்படி வரைக்கும் வந்தாங்களே."

"அது லயம் புள்ள. கம்பெனி காம்பரா. இது பால் காய்ச்சுன வீடு. பால் காய்ச்சுறப்ப கூப்பிடாத வீட்டுக்குள்ள நான் எந்த மொகத்தோட வர்றது?"

எனக்குச் சுருக்கென்றது. "நீங்களும் என்னையக் கூப்பிடலைதானே அக்கா."

"எப்படிக் கூப்பிடுறது? அன்னிக்கு அதே நேரத்துல நீயும் ஒன் வீட்டு அடுப்புலதானே நின்னே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீடுகளைக் கையளித்த அன்றைக்கு மேடை போட்டுக் கூட்டம் நடந்தது. கோயில் ஐயர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே நல்ல நேரம் குறித்துத் தந்தார். அந்த நேரத்தைத் தவறவிடக் கூடாது என்று வேதக்காரக் குடும்பம் தவிர எல்லோரும் ஓடிப் போய் அவரவர் அடுப்பில் அவரவர் பாலை வைத்தோம். கூரைகளுக்கு மேலே ஒரே நேரத்தில் புகை எழும்பியது. மேடையில் இருந்தவர்கள் அதைப் பார்த்துக் கைதட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் யார் வீட்டுப் பால் பொங்கியதையும் வேறு யாரும் பார்க்கவில்லை. யாரும் யார் வீட்டிலும் ஒரு வாய்ப் பால் குடிக்கவில்லை. கூப்பிட்டு, பால் கொடுத்து, வந்தவர் ஒரு சீப்புப் பழமோ ஒரு கிலோ சீனிப் பக்கெட்டோ வைத்துவிட்டுப் போனால்தான் அது புழங்குகிற வீடு. அதன் பிறகுதான் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வரலாம். எங்கள் கிராமத்தில் எல்லோரும் மரியாதைக்காரர்களாக இருந்ததால், எல்லோரும் அவரவர் வீட்டில் அழைப்புக்காகக் காத்திருந்தோம். ஒரு கிராமம் ஒரே நல்ல நேரத்தில் உண்டாகிவிட்டது. ஊர் அந்த வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது. அதை உள்ளே வா என்று சொல்ல ஆளில்லை.

அன்று இரவு கணவரிடம், "நாம இன்னொரு தடவை பால் காய்ச்சணும்" என்றேன்.

"அப்ப மொதல்ல காய்ச்சுனது என்னா, தேத்தண்ணியா?"

"எல்லாரையும் கூப்பிட்டு."

"ஒரு வீட்டுக்கு ரெண்டு தடவை கல்யாணம் பண்ணி வைக்கிற மாதிரில்ல இருக்கு."

எனக்கும் பயம்தான். காய்ச்சிய வீட்டில் மறுபடி காய்ச்சினால் ஏதாவது ஆகுமா? போன தடவை பால் கிழக்கே பொங்கியது. இந்தத் தடவை வேறு பக்கம் பொங்கினால் எதைக் கணக்கில் எடுப்பது? அப்புத்தளையில் இருக்கும் என் அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "புள்ளைக்குப் பேச்சு வர்றதுக்குன்னு வேண்டிக்கிட்டுக் காய்ச்சு, அப்ப குத்தமில்ல" என்றார். இது அந்த நிமிடத்தில் அவரே உண்டாக்கிய சட்டம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் சட்டம் ஒன்று கையில் இருப்பது ஆறுதலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லோரையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன், ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் நின்றபடியே. வருவார்களா என்று சந்தேகமாக இருந்தது. வந்தார்கள். சீனிப் பக்கெட்டுகள் மேசையை மறைக்கும் அளவுக்கு வந்தார்கள். உட்கார இடமில்லாமல் சிலர் கட்டிலில் உட்கார்ந்தார்கள். பால் பொங்கும் நேரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் எனக்கு யோசனை சொன்னதில், விறகை இழுப்பதா தள்ளுவதா என்று தெரியாமல் நின்றேன். பால் எல்லாப் பக்கமும் பொங்கியது. "அப்பாடா, எந்தப் பக்கமும் கோவிச்சுக்காது" என்றார் அக்கா.

அக்காவின் கணவர் சுவரோரம் உட்கார்ந்து, குவளையை ஆற்றிக்கொண்டே என்னை விசாரிக்கத் தொடங்கினார். உங்கப்பா எந்தத் தோட்டம், அவருக்கு அம்மா எந்தத் தோட்டம், அந்தக் கங்காணி குடும்பத்துக்கு நீங்க என்னா வேணும். கேள்வி மேல் கேள்வியாகப் போய், கடைசியில் இரண்டு தோட்டத்துக்கும் பொதுவான ஒரு பெரியம்மாவைக் கண்டுபிடித்துவிட்டார். "அப்ப நீ எனக்குத் தங்கச்சி மொறை" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு என் மகளைப் பார்த்து, "அப்படின்னா இது யாரு? என் மருமக."

"இவ்வளவு நாளா என்னைய அக்காங்கிற. இனிமே அண்ணின்னு கூப்பிடு" என்றார் அக்கா.

"அண்ணின்னா கேலி பண்ணுவீங்களே."

"அதுக்குத்தான் புள்ள."

மாமன் முறை வந்துவிட்டால் மருமகளைச் சீண்டுவது எங்களில் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. அந்த மனிதர் அன்றைக்கே கடமையைத் தொடங்கிவிட்டார். "இந்தா மருமகளே, உனக்கு விசயம் தெரியுமா? உன்னையப் பெத்தது இவங்க இல்ல. கொழுந்து லொறி வளைவுல திரும்புறப்ப நீ கீழ விழுந்துட்ட. நாந்தான் தூக்கிட்டு வந்து இந்தப் படிச்ச அம்மாகிட்ட குடுத்தேன்."

பிள்ளையின் மனம் நோகும் என்று பதறி, "அப்படி இல்லம்மா" என்று தொடங்கப் போனேன். மிஸ் சொன்னது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். மகள் என்னைப் பார்த்தாள். நான் உதவிக்கு வரமாட்டேன் என்று தெரிந்ததும் அவரைப் பார்த்தாள். முகம் சிவந்தது. கால் தரையில் உதைத்தது. ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எதையோ சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதை நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

எங்கள் வீட்டில் காய்ச்சிய பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த ஞாயிறு அண்ணி வீட்டில் இரண்டாம் பால். அதற்கடுத்தது பாதை ஓரத்து வீட்டில். வேதக்காரக் குடும்பம் முதல் நாளில் பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு வீடு மந்திரித்ததோடு சரி, பால் காய்ச்சவே இல்லை. அவர்களும், "பசுவுக்கு என்னா வேதம்?" என்று ஒரு சட்டி பால் வைத்து, அதோடு கேக்கும் வெட்டினார்கள். சீனிப் பக்கெட்டுகள் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குச் சுற்றி வந்தன. நான் கொடுத்ததே எனக்கு ஒரு தடவை திரும்பி வந்ததாகச் சந்தேகம்.

கதவுகள் அதன் பிறகு சாத்தப்படவில்லை. எனக்கு அது முழு மகிழ்ச்சி என்று சொல்லமாட்டேன். நான் பருப்புக்குத் தாளிக்கும்போது, "கடுகு கருகுது" என்று யாராவது கடந்து போவார்கள். மகளுக்கு ஏன் காலுறை, ஏன் காலுறை இல்லை, ஏன் இந்தத் தொப்பி என்று தினமும் கேள்வி. என் மகள் பிற்பகலில் அண்ணி மலையிலிருந்து இறங்கும் நேரம் பார்த்து வாசலில் போய் நிற்பாள். மாமா வந்து, "கொழுந்து லொறி வருது, ஏறிக்கிறியா?" என்பார். ஒரு நாள் அவள் தலையாட்டி மறுப்பதை விட்டுவிட்டு, "ல்ல" என்றாள். இன்னொரு நாள், "போ" என்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் கவலையோடு சொன்னேன். "ஒரு பெரிய மனுசனைப் பாத்து போங்கிறா. மரியாதை இல்லாமப் பழகிடுமோ?"

"பேசலைன்னு அழுதே. இப்ப வாங்க போங்கன்னு பேசலைன்னு அழுவுறியா?"

எனக்கு இரண்டும்தான். ஊர்வாய் பிள்ளைக்குப் பேச்சைத் தரும் சரி, எந்தப் பேச்சைத் தரும் என்பதற்கு யார் பொறுப்பு? இதைக் கிராமத்து உத்தியோகத்தரிடமும் கேட்க முடியாது.

ஆஸ்பத்திரி நாள் நெருங்க நெருங்க நாட்காட்டியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வீட்டில் வருகிற இரண்டு மூன்று சொற்கள் அங்கே வராவிட்டால்? வேறு பரிசோதனைகள் என்பது கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருக்குமா? மகளுக்குப் புதுச்சட்டை போட்டேன். பஸ்ஸில் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாயில் சேர்த்து வைத்திருப்பது வழியில் செலவாகிவிடும் என்று பயந்தேன்.

மிஸ் படம் போட்ட அட்டைகளை எடுத்தார். "இது என்ன?" பூனை. மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு நாக்கு நுனியில் பூனை நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். "இது என்ன?" குடை. மௌனம். "இது என்ன?" வாழைப்பழம். மௌனம். மிஸ் என்னைப் பார்க்காமல் கொப்பியைப் பார்த்தார். அவர் என்ன எழுதப் போகிறார் என்று எட்டிப் பார்த்தேன்.

அடுத்த அட்டையை எடுக்கும்போது கட்டு முழுவதும் அவர் கையிலிருந்து நழுவித் தரையில் சிதறியது. என் மகள் மடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள். அண்ணி வீட்டு வாசலில், கால் தடுக்கிச் சட்டியைக் கவிழ்க்கிறவர்களுக்குக் கிடைக்கும் அதே இழுப்போடு சொன்னாள்.

"கண்ணு தெய்யலயா?"

எனக்கு அழுகை வந்தது, வெட்கம் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. இரண்டு சொல். சேர்த்துச் சொன்னது. கேள்வியாகச் சொன்னது. அதுவும் ஆஸ்பத்திரி மிஸ்ஸைப் பார்த்து.

மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. பேனாவை எடுத்தார். ஆனால் அவர் படித்த தமிழில் அது இல்லை. "என்ன சொன்னார், அம்மா?" என்று ஆவலாகக் கேட்டார்.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "'கவனமாக இருங்கள்' என்று சொல்கிறாள், மிஸ்."

அவர் அதை மெதுவாக எழுதிக்கொண்டார். இரண்டு சொல் சேர்ந்து வருவது நல்ல அறிகுறி, இப்போதைக்கு வேறு பரிசோதனை தேவையில்லை, இப்படியே போகட்டும், மூன்று வயது நிறைந்ததும் வாருங்கள் என்றார். பிறகு என் மகளின் கன்னத்தைத் தட்டி, "மிகவும் மரியாதையான பிள்ளை" என்றார்.

"ஆமாங்க மிஸ்" என்றேன்.

மிஸ் குனிந்து அட்டைகளைப் பொறுக்கி, ஒன்றாகச் சேர்த்து மேசையில் தட்டிச் சீராக்கினார். என் மகள் கையை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. அவை மறுபடி எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.